கவர்னர் கண்ட திருவாதிரை

போன வாரம் ஒரு செய்தி சேனலில் விவாதம். வானத்தில் ஏதோ ஒரு வெளிச்சத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டு அரை மணி நேரம் ஓட்டினார்கள். வந்திருந்த ஒருவர், "அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். ஒரு கவர்னரே பார்த்திருக்கிறார். அத்தனை பேரும் பொய்யா சொல்வார்கள்?" என்றார். நெறியாளர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை, தப்பாகப் பார்த்தார்கள். அந்தக் கவர்னர் கதையையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் நியூ ஜெர்சியில் மர்ம டிரோன் பீதி உச்சத்தில் இருந்தது. அப்போது மேரிலாண்டின் முன்னாள் கவர்னர் லாரி ஹோகன், தன் வீட்டுக்கு மேலே டஜன் கணக்கில் பெரிய டிரோன்கள் பறந்ததாக வீடியோ எடுத்துப் போட்டார். அதில் தெரிந்தது ஓரியன். நம் கணக்கில் மிருகசீரிடமும் திருவாதிரையும். மார்கழி இரவில் மொட்டைமாடியில் நின்றால், வரிசையாக மூன்று நட்சத்திரங்களோடு கண்ணில் படுமே, அதேதான். எட்டு வருடம் ஒரு மாநிலத்தை ஆண்டவருக்கு அது தெரியவில்லை. பதவி பெரிதானால் பார்வை கூர்மையாகிவிடுமா?

எஃப்.பி.ஐ.க்கு 5,000-க்கும் மேல் தகவல் வந்தது. மேற்கொண்டு விசாரிக்கத் தேறியவை 100 கூட இல்லை. அனுமதி பெற்ற டிரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், டிரோன் என்று தவறாக எண்ணப்பட்ட நட்சத்திரங்கள் என்று அரசுத் துறைகள் கூட்டாக அறிவித்தன. உடனே "அரசு மறைக்கிறது" என்றார்கள். திருவாதிரையை எந்த அரசு மறைக்க முடியும்? முதல் நாளும் அது அங்கேதான் இருந்தது. செய்தி வந்த பிறகுதான் ஹோகன் நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்களும் அப்படித்தான். ஒரே செய்தியைக் கேட்டு நிமிர்ந்த ஆயிரம் பேரை ஆயிரம் சாட்சிகளாக எண்ணுவது அயோக்கியத்தனம்.

அந்தப் பயத்தில் விமானங்களை நோக்கி லேசர் அடித்தார்கள், விமானிகளின் கண்ணில் பட்டது. டிரோன்களைச் "சுட்டு வீழ்த்துங்கள்" என்று எழுதினார் டிரம்ப்.

நம் சேனல்கள் காலையில் திருவாதிரைக்காரர்களுக்குப் பணவரவு என்று ராசிபலன் சொல்கின்றன. சொல்பவரை அந்தத் திருவாதிரையை வானத்தில் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். பள்ளிக்கூடத்திலும் காட்டுவதில்லை. வானமே தெரியாமல் வளர்ந்தவர்களுக்கு எந்த வெளிச்சமும் பூதம்தான்.

"இத்தனை பேர் சொல்கிறார்களே" என்ற நம்பிக்கை வானத்தோடு நிற்பதுமில்லை. 2018 மே மாதம், போளூர் அருகே, கோயிலைத் தேடி வந்த 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அதற்கு முன் வாரக்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றியது இதே பயம்தான்.

கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. சேனல் வட்டம் போட்டுக் காட்டிய அந்த வெளிச்சம் என்னவென்று போன் போட்டுக் கேட்க ஐந்து நிமிடம் ஆகாது. கேட்டால் அரை மணி நேர நிகழ்ச்சி போய்விடும் என்றுதான் கேட்காமல் விடுகிறார்கள்.