வாடகை வீடும் ஒரு வினாவும்

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு தேடிச் செல்பவனிடம் முதலிற் கேட்கப்படுவது அவனது சம்பளமன்று. "தம்பி எவடம்?" என்பதே முதல் வினா. ஊரைச் சொன்னால், "அங்கை எந்தக் குறிச்சி?" என்பது அடுத்தது. தகப்பனாரின் பெயரும் வெளிவந்ததும் விசாரணை முடிந்துவிடும். "வீடு நேற்றே பேசி முடிஞ்சுது" என்பார்கள். பூட்டிய வீடோ மேலும் இரண்டு மாதம் பூட்டியே கிடக்கும். சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிப்பதில்லை. அவ்வளவுக்கு நாகரிகம் வளர்ந்துவிட்டது!

உடைமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். அவருக்காக இவ்வினாக்களைக் கேட்பவர்கள் வீட்டைப் பராமரிக்கும் உறவினரும் தரகருமே. அங்கே நிறவெறியைக் கண்டிப்பவர், "நல்ல ஆக்களாய்ப் பார்த்துக் குடு" என்று இங்கே தொலைபேசியிற் சொல்கிறார்.

சட்டம் என்ன செய்கிறது? சாதி, இனம், மதம், மொழி, பால் என்பவற்றைக் காட்டிக் கடையிலும் உணவகத்திலும் ஹோட்டலிலும் களியாட்டவிடத்திலும் தன் மத வழிபாட்டிடத்திலும் எவரையும் தடுத்தலாகாது என்கிறது 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையில். வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரச நிருவாகத்தின் செயலுக்கு எதிராகவே தொடுக்கப்படுவது; வீட்டுக்காரர் அரசல்லர். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமோ குடியிருப்பவனைக் காக்க எழுந்தது. படலைக்குள்ளேயே விடப்படாதவனுக்கு அதனாற் பயன் ஏது?

1968இல் மாவிட்டபுரத்திற் கோயிற் கதவைத் திறக்கப் போராட்டம் நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு கிழமையில், ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுவசதியிற் பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் கையொப்பமாயிற்று. வீட்டுக்காரரும் உடன்வாழும் சிறு வீடுகளுக்கு அது விலக்களித்தது உண்மை. ஆயினும் அவர்கூட 'இன்ன இனத்தாருக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்ய முடியாது. அந்நாட்டில் நீதி தழைத்துவிட்டதென்று நான் கூறவில்லை. கணினி மதிப்பெண்ணால் ஏழைக் கறுப்பினத்தவரை வடிகட்டியதாக வழக்கிடப்பட்ட நிறுவனமொன்று 2024இல் 20 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து இணங்கிக்கொண்டது. ஆனால், அங்கே வழக்கிட ஒரு சட்டமாவது இருந்தது.

கோயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் போராடிய நாம் வீட்டை மறந்தது ஏன்? மேடையிற் சமத்துவம் பேசும் ஆசிரிய நண்பர் சிலரும், பின்னறையை மாணவருக்கு விடும்போது அதே குறிச்சியைத்தான் விசாரிக்கின்றனர். "அம்மா இருக்கிறா, நான் என்ன செய்ய?" என்பது அவர்தம் சமாதானம். தாயின் சேலைக்குப் பின்னால் ஒளியும் இம் முற்போக்கை மாணவர்கள் அறியாதவர்களல்லர்.

12ஆம் உறுப்புரையின் பட்டியலில் வாடகை வீடு சேர்க்கப்படவேண்டும். தரகரும் அதற்குக் கட்டுப்படவேண்டும். அதுவரை, அறை வைத்திருக்கும் தோழர்கள் முதலில் வந்து கேட்பவருக்கு அதைக் கொடுக்கட்டும்.