அல்லிக் குளமும் ஒரு மருமகளும்

வீட்டில் அடுத்தடுத்துத் துக்கம், வெளியே யுத்தம் என்றால் பூவைப் பார்த்துப் படம் எழுத யாருக்காவது மனம் வருமா, சகோதரிகளே?

பிரான்ஸ் தேசத்தில் ஜிவெர்னி என்ற சிற்றூரில் ஓவியர் கிளாட் மோனேக்கு வந்தது. 1914-ல் அவருக்கு வயது 73. மனைவி ஆலிஸ் 1911-லேயே காலமாகிவிட்டார். 1914-ல் மூத்த மகன் ஜானும் போனார். கண்ணிலோ புரை. ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. இளைய மகன் போர்முனைக்குப் போனார்.

கிழவர் ஊரை விட்டு நகரவில்லை. தோட்டத்துக் குளத்து அல்லிகளை இரண்டு மீட்டர் உயரப் படங்களாக எழுதத் தொடங்கினார். அதற்கென்றே ஒரு பெரிய கூடம் கட்டிக்கொண்டார். அந்தப் படங்களில் பீரங்கி கிடையாது, சிப்பாய் கிடையாது. தண்ணீர், பூ, தண்ணீரில் விழுந்த ஆகாயம். அழுவதுபோல் கிளை தாழ்ந்த வில்லோ மரங்கள். அவ்வளவுதான்!

கிழவரைப் புகழ்கிறவர்கள் ஒரு பெண்மணியை மறந்துவிடுகிறார்கள். ஆலிஸுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பெண், ஜானின் மனைவி: பிளான்ஷ். அவரும் இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் தேர்ந்தவர். கணவரை இழந்த பின் மாமனாரிடம் வந்து குடும்பத்தை நடத்தினார். அவரைத் தூரிகை பிடிக்கத் தூண்டினார். தம் தூரிகையை அநேகமாக மூலையில் வைத்துவிட்டார். நம்பிக்கைக்கும் வேளாவேளைக்குச் சோறு போட ஒருவர் வேண்டியிருக்கிறதே!

1918 நவம்பர் 11-ல் யுத்தம் ஓய்ந்தது. மறுநாளே மோனே, பிரதமர் கிளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, இரண்டு படங்களைத் தேசத்துக்குத் தருவதாகச் சொன்னார். அந்த இரண்டு, பிறகு 22 ஆயிற்று. 1926 டிசம்பரில் அவர் காலமானார்; 1927-ல் பாரிஸ் ஒராஞ்சரி மண்டபத்தில் படங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன.

பிளான்ஷ்? மாமனார் போன பிறகு வர்ணங்களை எடுத்து மறுபடி எழுத உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 61-க்கு மேல்.