பிளாஸ்டிக் புழு காய்ச்ச ஒரு இடம் வேணும்

நம்ம ஹாஸ்டல்ல தூண்டில் போடுற பசங்க எப்படியும் பத்து பேராவது இருக்கோம். ஞாயிற்றுக்கிழமை ஆனா ஏரியில் விரால், கழிமுகத்தில் கொடுவா என்று கிளம்பிவிடும் கூட்டம். மண்புழு, இறால் எல்லாம் பழைய கதை. இப்போ எல்லார் பெட்டியிலும் இருப்பது சாஃப்ட் பிளாஸ்டிக் இரைதான்: தவளை, குட்டி மீன், வால் ஆட்டும் புழு. பிரச்சனை என்னன்னா விலை. காசு போட்டு வாங்கின இரையின் வாலை விரால் ஒரே கடியில் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் பல பேர் மோல்டு செய்து, தாங்களே காய்ச்சி ஊற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். இதைத் தாராளமா செய்யலாம், எஞ்சினியரிங் படிக்கிறவன் கண்டிப்பா ஒருமுறை செய்து பார்க்கணும். ஆனா ஹாஸ்டல் மைக்ரோவேவிலும் வீட்டு அடுப்படியிலும் செய்யக் கூடாது. அதுக்கு ஒரு இடத்தைக் காலேஜ்தான் தரணும்.

முதலில், ஏன் செய்யணும்? காய்ச்சும் பொருளின் பெயர் பிளாஸ்டிசால். பிவிசி தூளை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரி திரவத்தில் கலந்து வைத்தது. பார்க்க பால் மாதிரி இருக்கும். சூடு ஏற ஏற முதலில் களி மாதிரி கெட்டியாகும். "அய்யோ கெட்டுப்போச்சு"ன்னு தோணும் இடம் அதுதான். விடாமல் கிண்டினால் 170-180 டிகிரி செல்சியஸ் பக்கம் திடீரென்று தெளிந்து, தேன் மாதிரி ஓடும். பிவிசி துகள்கள் அந்த எண்ணெயை முழுசா உறிஞ்சி ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன என்று அர்த்தம். அப்போ ஊற்றணும். குறைவான சூட்டில் ஊற்றினால் இரை பிசுபிசுவென்று இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். சூடு கூடினால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். "ப்ராசஸ் விண்டோ" என்று வைவாவில் மனப்பாடமா ஒப்பிப்போமே, அது இந்தக் கிண்ணத்துக்குள் கண்ணாலேயே தெரியும்.

மோல்டு இன்னும் நல்ல வாத்தியார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்வதுதான் மலிவு. மாதிரி இரையைப் பாதி புதைத்து, வாசலின் தடவி, மேல் பாதியை ஊற்றினால் ரெண்டு துண்டு மோல்டு ரெடி. ஆனா காய்ந்த பிளாஸ்டருக்குள்ளும் படிக நீர் இருக்கு. சூடான பிளாஸ்டிசால் பட்டதும் அது ஆவியாகி, இரை முழுக்கக் குமிழ் விழும். அதனால் மோல்டை நன்றாகக் காயவைத்து, உள்பக்கம் எப்பாக்ஸி பூசி அடைக்கணும். த்ரீடி பிரிண்டர் இருக்கே என்று பிஎல்ஏவில் மோல்டு அடிக்கும் ஆட்களும் உண்டு. பிஎல்ஏ 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும், 170 டிகிரி திரவத்தை அதில் எப்படி ஊற்றுவது? பிஎல்ஏவில் மாதிரி இரையை மட்டும் அடித்து, அதை வைத்து சிலிக்கோன் மோல்டு எடுக்கணும். மெட்டீரியல் தேர்வு, சுருக்கம், காற்றுப் போக வழி, மோல்டின் ரெண்டு பாதியும் சரியா உட்கார பூட்டு என்று ஒரு செமஸ்டர் பாடமே இந்தப் புழுவுக்குள் இருக்கு.

சரி, அடுப்படியில் ஏன் கூடாது? "இந்த இரையே சமையலறையில் பிறந்ததுதானே" என்று கேட்பார்கள். உண்மைதான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் 1949-ல் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுச் சமையலறையில்தான் முதல் பிளாஸ்டிக் புழுவை வார்த்தார்கள். உலகம் முழுக்க இன்று விற்கும் சாஃப்ட் பிளாஸ்டிக் இரைகளுக்கு அந்தப் புழுதான் முன்னோடி. அவர்கள் செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனா இந்தப் பொருளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பது அதிகம். தெரிஞ்சும் அதையே செய்வது சரியில்லை.

பிவிசி சூடு தாங்காத பாலிமர். அளவு மீறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். மூக்கில், தொண்டையில், கண்ணில் உள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே சீராகச் சூடாக்காது. கிண்ணத்தின் மேல்பக்கம் பால் மாதிரியே இருக்க, நடுவில் கருகிக்கொண்டிருக்கலாம். அடுத்தது பிளாஸ்டிசைசர். இதில் சில தாலேட் வகைகளைக் குழந்தைகள் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நம்ம ஆட்கள் ஆன்லைனில் வாங்கும் பாட்டிலில் எந்த வகை இருக்குன்னு லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் ஆவி படிந்த மைக்ரோவேவில் அடுத்த ஆள் சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணுவான். அவனுக்கும் தூண்டிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூணாவது, தண்ணீர். காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டால் வெடிக்கும் இல்லையா? 170 டிகிரி பிளாஸ்டிசாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதைவிட மோசம். தெறித்து தோலில் ஒட்டினால் எண்ணெய் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டே சுடும்.

இதையெல்லாம் எழுதி, சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம் லேப் ஃப்யூம் ஹுட்டைப் பயன்படுத்த அனுமதி கேட்டு நாங்கள் நாலு பேர் லெட்டர் கொடுத்தோம். "மீன் பிடிக்கவா காலேஜுக்கு வந்தீங்க?" என்பதுதான் பதில். கேள்வி நியாயமா இருக்கலாம். ஆனா "வேண்டாம்" என்று சொன்னதால் யாரும் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரூமிலேயே காய்ச்சுகிறார்கள். ஃப்யூம் ஹுட் பூட்டியே கிடக்கிறது. தடை போட்டதால் ஆபத்து குறையவில்லை, கண்காணிப்புதான் இல்லாமல் போச்சு.

எங்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கு. பிய்ந்த இரையை ஏரியில் வீசிவிட்டு வரும் பழக்கம். அது மட்காது. மீன் அதை விழுங்கினால் செரிக்காது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013-ல் இந்த இரைகளைத் தடை செய்யவே மசோதா கொண்டுவந்தார்கள். ஆனா இது தெர்மோபிளாஸ்டிக். பிய்ந்ததை எடுத்து வந்து கழுவி, முழுசா காயவைத்து, மறுபடி உருக்கலாம். நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். வீட்டில் காய்ச்சுவதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: குப்பையைத் திருப்பி இரையாக்க முடியும்.

அதனால் லெட்டரை மறுபடி கொடுக்கப்போகிறோம். இந்தமுறை எங்கள் தரப்பு விதிகளோடு: தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்ச மாட்டோம். கண்ணாடி, கையுறை, முழுக்கால் பேண்ட், மூடிய ஷூ கட்டாயம். இதுக்குப் பயன்படுத்திய பாத்திரம் சாப்பாட்டுப் பக்கமே போகாது. ஏரிக்கு எடுத்துப் போகும் இரையை எண்ணி, பிய்ந்ததையும் திருப்பி எண்ணி டப்பாவில் போடுவோம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள், மீன் பிடிக்காதவர்களும்கூட, எங்களிடம் சொல்லுங்க. அதுவரைக்கும் தயவுசெய்து ஹாஸ்டல் மைக்ரோவேவை விட்டுடுங்க.