முதல்ல எதைப் படிக்கணும், பாப்பா?

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி தேர்தலைப் பற்றியதோ, தங்கம் விலையைப் பற்றியதோ இல்லை. "மார்வெல்ல எதை முதல்ல பார்க்கணும்? எதை முதல்ல படிக்கணும்?" என்பதுதான். கேட்பவர்களில் பாதிப் பேர் அம்மாக்கள். பையன் அவெஞ்சர்ஸ் படம் பார்த்துவிட்டு காமிக்ஸ் வேண்டும் என்கிறான். வாங்கப் போனால் ஒரே கதைக்கு ஐம்பது புத்தகம் இருக்கிறது. எந்த நம்பரிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அம்மா முழிக்கிறார்.

போன மாதம் இதே கேள்வியை என் மாமா கேட்டார். அவருக்கு வயது 58.

மாமா வீடு நாடுகாணியில். கூடலூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஜங்ஷனில் இறங்கினால் ஒரு ரோடு வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரளாவுக்குள் இறங்கும். இன்னொன்று தேவாலா, பந்தலூர் பக்கம் போகும். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. மாமா தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆகிவிட்டார். ரிட்டயர்டு ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூடலூரில் ரெண்டு ரூம் வாடகை வீடு பார்த்தாகிவிட்டது. சாமான் கட்ட ஒத்தாசைக்குப் போயிருந்தேன்.

பரணிலிருந்து ஒரு தகர டிரங்குப் பெட்டி இறங்கியது. திறந்ததும் அந்துருண்டை வாசனை. உள்ளே முழுக்க முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் (வலை பின்னும் அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை, இவர் இங்கிலாந்து ஸ்பைடர்), டெக்ஸ் வில்லர். அடியில் ஒரு கட்டு, 'இரத்தப் படலம்'.

"இந்தக் குப்பையும் லாரில ஏறப் போகுதா? அங்க காலு நீட்டவே எடமில்ல" என்றார் அத்தை.

மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "நீதான் நெட்ல எதை முதல்ல பாக்கணும்னு எழுதுறியே. இதையும் வரிசையா அடுக்கிக் குடு பாப்பா. முதல்ல எதைப் படிக்கணும்?"

சீரியலில் மகாசங்கமம் மாதிரி

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் 'கிராஸ்ஓவர்' என்று ஒன்று உண்டு. அத்தைக்கு அதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிவியில் ரெண்டு சீரியலைச் சேர்த்து மகாசங்கமம் போடுவார்களே, அதேதான். இந்த வீட்டு மருமகள் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போவாள். ஒரு சீரியலை மட்டும் பார்ப்பவருக்கு, 'இது யார், எதுக்கு அழுகிறாள்?' என்று புரியாது. ரெண்டு சீரியலுக்குப் பதில் இருபது சீரியலைச் சேர்த்துக் கலக்கினால், அதுதான் கிராஸ்ஓவர்.

1984-ல் மார்வெல் நிறுவனம் 'சீக்ரெட் வார்ஸ்' என்ற 12 இதழ்த் தொடரை ஆரம்பித்தது. மாட்டெல் பொம்மைக் கம்பெனியோடு சேர்ந்து போட்ட திட்டம் அது. ஸ்பைடர்மேன், கேப்டன் அமெரிக்கா என்று எல்லா ஹீரோக்களையும் ஒரு வேற்றுக் கிரகத்துக்குக் கொண்டுபோய்ச் சண்டைபோட வைத்தார்கள். இதில் ஒரு குறும்பு செய்தார்கள். சண்டை நடக்கும் தொடர் ஒரு வருஷம் ஓட வேண்டும். ஆனால், ஹீரோக்களின் சொந்தப் பத்திரிகைகளில் அடுத்த மாதமே அவர்கள் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள்!

ஸ்பைடர்மேனின் சொந்தப் பத்திரிகையில், 1984 மே மாதத்து 252-ம் இதழில், அவர் கறுப்பு உடையில் வந்து நின்றார். 2007-ல் வந்த ஸ்பைடர்மேன் மூன்றாம் படத்தில் பார்த்தோமே, அந்தக் கறுப்பு உடைதான். சிவப்பும் நீலமும் எங்கே போனது, இது எப்படி வந்தது? வாசகர்களுக்குத் தெரியாது. பதில் வந்தது சீக்ரெட் வார்ஸ் 8-ம் இதழில், டிசம்பர் மாதம். ஏழு மாதம் தவிக்கவிட்டார்கள்.

இப்போது ஒரு பையனுக்கு இதை வாங்கித் தருகிறீர்கள். கதை நடந்த வரிசைப்படி கொடுத்தால், முதலில் சீக்ரெட் வார்ஸ், பிறகு 252. குழப்பமே இருக்காது. அந்த ஏழு மாதத் தவிப்பும் இருக்காது. அந்தத் தவிப்புதான் கதை என்பது என் கட்சி.

2006-ல் மார்வெலின் 'சிவில் வார்' வந்தது. முக்கியக் கதை ஏழே இதழ்கள். கிளைக்கதைகள் பல டஜன். இரண்டாம் இதழின் கடைசியில், பத்திரிகையாளர்கள் முன்னால் ஸ்பைடர்மேன் முகமூடியைக் கழற்றி, தான் யார் என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அவர் குடும்பம் என்ன பாடுபட்டது என்பது அவருடைய சொந்தப் பத்திரிகையில் நடக்கும். நான்காம் இதழை வரைந்து முடிக்கத் தாமதமானபோது, மார்வெல் கிளைக்கதைப் பத்திரிகைகளையும் சேர்த்துத் தள்ளிவைத்தது. விற்பனைக்குப் போயிருந்தால் காசு. ஆனால், பெரிய ரகசியம் சின்னப் பத்திரிகையில் முதலில் உடைந்துவிடும். வரிசை என்பது அவ்வளவு முக்கியம்.

நம்ம ஊரில் இது புதுசா?

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கல்கியின் 'பார்த்திபன் கனவு' முதலில் படிக்க வேண்டுமா, 'சிவகாமியின் சபதம்' முதலில் படிக்க வேண்டுமா? சண்டை வரும். கல்கி முதலில் எழுதியது பார்த்திபன் கனவு. ஆனால் கதைப்படி முதலில் நடப்பது சிவகாமியின் சபதம். மாறுவேடம் என்றால் பல்லவர்களுக்கு எவ்வளவு இஷ்டம் என்பதைச் சபதத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டு வந்தால், பார்த்திபன் கனவில் அந்தச் சிவனடியார் வந்ததுமே ஒரு சந்தேகம் வந்துவிடும். அதனால்தான் எங்கள் வீட்டில் பார்த்திபன் கனவுக்குத்தான் ஓட்டு.

சரி, மாமாவின் கட்டுக்கு வருகிறேன்.

'இரத்தப் படலம்' பெல்ஜியத்துக் கதை. ஜான் வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-ல் ஆரம்பித்தது. கடற்கரையில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவனை வயதான தம்பதி காப்பாற்றுகிறார்கள். அவனுக்குத் தன் பெயரே ஞாபகமில்லை. உடம்பில் ரோமன் எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியைக் கொன்றவன் என்று உலகமே அவனைத் தேடுகிறது. இதில் சூப்பர் ஹீரோ யாரும் பறப்பதில்லை. ஆனால் தலை சுற்றுவதில் எந்த கிராஸ்ஓவருக்கும் குறைந்ததில்லை. அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கும், அடுத்த பாகத்தில் அது பொய் என்றாகும், அதற்கடுத்ததில் இன்னொரு பெயர்.

தமிழில் இதைக் கொண்டுவந்தது சிவகாசியின் லயன் காமிக்ஸ். 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் தம்பி, 1984-ல் பிறந்த பத்திரிகை. அந்தக் காலத்தில் இரத்தப் படலம் ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் இடையில் வருஷக்கணக்கில் இடைவெளி விழும். அதிலும் கூடலூர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு எது வரும், எது வராது என்பது மழைக்கும் மண்சரிவுக்கும்தான் தெரியும்.

"நாலாவதுதான் எனக்கு முதல்ல கெடைச்சது. அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஏழு" என்றார் மாமா. நடுவில் சில பாகங்கள் வரவே இல்லை. இருபது சதிகாரர்களின் தலைவன், அந்த 'நம்பர் ஒன்று' யார் என்று தெரியும் பாகமும் அதில் போய்விட்டது. மாமா என்ன செய்தார்? தானாகவே ஒருவரை முடிவு செய்துகொண்டார். டிரையர் மிஷின் பக்கத்தில் நின்றபடி, நைட் ஷிப்ட் ஆட்களுக்கு அந்தக் கதையைச் சொல்லியும் இருக்கிறார்.

2010-ல் லயன் காமிக்ஸ் எல்லா பாகங்களையும் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டுப் புத்தகமாகப் போட்டது. 2018-ல் வண்ணத்திலும் வந்தது. அந்தக் குண்டுப் புத்தகம் ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்து, இரண்டு வருஷம் முன்னால் மாமாவுக்குக் கொடுத்தேன். மூன்று நாள் மழையில் படித்து முடித்துவிட்டு போன் செய்தார்.

"பாப்பா, முப்பது வருஷமா ஒரு நல்ல மனுஷனப் போயி சந்தேகப்பட்டிருக்கேன்."

யார் அந்த நல்ல மனுஷன், யார் நம்பர் ஒன்று என்பதை இங்கே சொல்ல மாட்டேன். நீங்களே படியுங்கள்.

அப்போ, எப்படித்தான் படிப்பது?

வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

ஒன்று, அடிமரத்தை முதலில் படியுங்கள். சிவில் வார் என்றால் அந்த ஏழு இதழ்கள். சீக்ரெட் வார்ஸ் என்றால் 12 இதழ்கள். மற்றதெல்லாம் கிளை. நாடுகாணி ஜங்ஷனில் நிற்பவருக்கு இது புரியும். போக வேண்டியது பந்தலூர் என்றால் முதலில் மெயின் ரோட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வழியில் இருக்கும் எஸ்டேட் ரோட்டில் எல்லாம் இறங்கி நடந்தால் ஊர் போய்ச் சேர முடியாது.

இரண்டு, கிளைகளில் உங்களுக்குப் பிடித்த ஹீரோவை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லாம் வாங்க வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை.

மூன்று, முதல் தடவை வெளிவந்த வரிசையில் படியுங்கள். கதை நடந்த வரிசை இரண்டாம் வாசிப்புக்கு. இரத்தப் படலத்தில் மங்கூஸ் என்ற கூலிக் கொலைகாரன் வருவான். அவன் சின்ன வயசுக் கதையைத் தனிப் புத்தகமாக 2008-ல் போட்டார்கள். கதைப்படி அதுதான் முதலில் நடக்கிறது. அதை முதலில் படித்தால் மங்கூஸ் மேல் பாவம் வந்துவிடும். பாவம் வந்தபிறகு பயம் எங்கே வரும்?

சில சமயம் எழுதியவர்களே நம்மைச் சோதிப்பார்கள். அசல் எண்ணிக்கைப்படி இரத்தப் படலம் 18-ம் 19-ம் 2007 நவம்பர் 13 அன்று ஒரே நாளில் வெளியாயின. பதினெட்டு ஒரு பழைய பிளாஷ்பேக், பத்தொன்பது முடிவு. என்னைக் கேட்டால் நம்பர் போட்டபடியே போங்கள். முடிவு தெரிந்தபிறகு பிளாஷ்பேக்கில் பதற்றம் இருக்காது.

நான்கு, நடுவில் ஒன்று கிடைக்கவில்லையா? நிறுத்தாதீர்கள். மாமாவைப் போல நீங்களே இட்டுக்கட்டிக்கொள்ளுங்கள். பிறகு கிடைக்கும்போது தப்பாக யோசித்தது தெரியும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

மாமாவின் வரிசை

இந்த விதிப்படி மதியம் முழுக்க உட்கார்ந்து மாமாவின் பெட்டியை அடுக்கினேன். நம்பர் பார்த்து, வருஷம் பார்த்து, பூஞ்சணம் துடைத்து, கதை வாரியாக நூல் போட்டுக் கட்டினேன். மாமா பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு ஒவ்வொரு கட்டாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா?"

"இது கதையோட வரிசை பாப்பா. நான் படிச்ச வரிசை வேற."

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் உள் அட்டையிலும் நீல மையில் வாங்கிய தேதி, வாங்கிய இடம், பக்கத்தில் ரெண்டு வார்த்தை. 'முதல் போனஸ்.' 'அப்பா ஆஸ்பத்திரி, வார்டுக்கு வெளியே படிச்சது.' 'பேக்டரி ஸ்டிரைக், மூணாம் நாள்.' டெக்ஸ் வில்லர் மேல் மாயாவி, அதன் மேல் இரத்தப் படலம் ஏழு, அதற்கும் மேல் இரத்தப் படலம் ஒன்று. எந்த நம்பரும் ஒத்துப்போகவில்லை. தேதி மட்டும் ஒழுங்காக ஏறிக்கொண்டே போனது.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து, சும்மா ஒன்றைக் கையில் எடுத்தார். ஒரு லயன் காமிக்ஸ். உள் அட்டையைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். 'கூடலூர் பஸ் ஸ்டாண்டு. பொண்ணு பாக்கப் போற வழியில.'

"அன்னிக்கு ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தீங்க" என்றார் அத்தை. "பஸ்ஸு கெடைக்கலன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்க."

மாமா தரையைப் பார்த்தார். "பஸ்ஸு வந்துச்சு. படிச்சிட்டிருந்தேன், போயிடுச்சு."

"ரெண்டு பஸ்ஸா?"

"ரெண்டு பஸ்ஸு."

அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொண்ணு பார்க்க லேட்டாக வந்த கதையை நான் எங்கள் வீட்டில் குறைந்தது இருபது தடவையாவது கேட்டிருப்பேன். காரணம் சொல்லும் இதழ் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

மறுநாள் காலையில் தூறலோடு லாரி வந்தது. எதை முதலில் ஏற்றுவது என்று டிரைவர் கேட்டார்.

"அந்தத் தகரப் பெட்டிய ஏத்துங்க. மேல தார்ப்பாய் போடுங்க, நனையக் கூடாது" என்றார் அத்தை.

அந்த ஒரு லயன் காமிக்ஸ் மட்டும் பெட்டிக்குள் போகவில்லை. அது அத்தையின் கைப்பையில் இருந்தது.