இருபத்தெட்டிலே ஒன்று

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலைத் தேநீருக்கு நான் உட்காரும் வேளை பார்த்துப் பழைய மாணவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இன்று அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுநர். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் தந்தை. வழக்கமான சுகவிசாரணைகூட இல்லாமல், "சேர், காரிலே சிவப்பு முக்கோணம் எரியுது. பெரிய பற்றரியை மாத்த வேணுமாம். அவங்கள் கேக்கிற காசுக்கு நான் எங்கே போறது? நாங்களே கழற்றிப் பாப்பமோ?" என்றார்.

"நாங்களே" என்ற சொல்லுக்குள் என்னையும் அடக்கிவிட்டார் என்பது எனக்கு உடனே விளங்கியது. மறுத்திருக்கலாம். ஆயின் அவருடைய தாயார் சிறுநீரக நோயாளி. வாரத்தில் இரண்டு நாள் வைத்தியசாலைக்குப் போய் வருபவர். அந்தக் கார் ஓடாவிட்டால் முச்சக்கர வண்டியில் நெடுந்தூரம் குலுங்கிப் போக வேண்டும். எனவே, "முதலிலே என்னவென்று பார்ப்போம்" என்று சொல்லி வைத்தேன்.

இத்தகைய கார்கள் இன்று நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் முற்றங்களில் நிற்கின்றன. பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் ஒரே வண்டியில் கூட்டுக் குடித்தனம் செய்வதையே ஹைபிரிட் என்கிறோம். எண்ணம் புதிதன்று, 1900ஆம் ஆண்டளவிலேயே பேர்டினன்ட் போர்ஷே ஒஸ்திரியாவில் இவ்வகை வண்டி ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். ஆனால் பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தது 1997 திசெம்பரில், யப்பானின் டொயோட்டா பிரியஸ் வெளிவந்தபோதுதான். யப்பானில் சில காலம் ஓடிய வண்டிகள் கப்பலேறி நம்மிடம் வந்தன. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், குறைந்த பெற்றோலில் கூடிய தூரம் ஓடிய இக்கார்களின் அருமையை எல்லாரும் உணர்ந்தனர். 2025 மாசியில் தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தபோதிலும், புதிய விலையைக் கேட்டவர்கள் பழையதையே பழுதுபார்த்து வைத்திருக்க முடிவு செய்தனர். பழையது என்றால் பற்றரியும் பழையதுதானே!

மாணவருடைய கார் 2009இல் வெளிவரத் தொடங்கிய மூன்றாந் தலைமுறைப் பிரியஸ். அதன் பின்னிருக்கைக்குப் பின்னால், ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள உலோகப் பேழை ஒன்று உண்டு. அதனுள்ளே, புத்தக அடுக்கிலே புத்தகங்கள் நிற்பதுபோல, 28 பெட்டிகள் நெருக்கமாக நிற்கும். பெட்டி ஒன்றினுள் 1.2 வோல்ற்றுக் கலங்கள் ஆறு. ஆகவே பெட்டிக்கு 7.2 வோல்ற்று. இருபத்தெட்டும் தொடராக இணைந்தால் 201.6 வோல்ற்று. மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். கலங்கள் நிக்கல் உலோக ஐதரைட்டு வகையின. உள்ளே இருப்பது நம் சாதாரணக் கார் பற்றரியின் அமிலமன்று, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் காரம்.

கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. இதனை 201.6 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 1,310 உவாற்று மணி. அதாவது வீட்டு மின்கட்டணச் சீட்டின்படி 1.3 அலகு. "இவ்வளவுதானா?" என்று மாணவரின் மகன் ஏமாற்றத்தோடு கேட்டான். இவ்வளவுதான். ஆனால் ஒரு குடம் தண்ணீரைத் துளித்துளியாகவும் ஊற்றலாம், ஒரே கவிழ்ப்பாகவும் கவிழ்க்கலாம். இக்கலங்களின் அகத்தடை மிகச் சிறியது. குறுஞ்சுற்று ஏற்பட்டால் அந்த 1.3 அலகும் நூற்றுக்கணக்கான அம்பியராகப் பாயும்.

தொடரிணைப்பின் குணம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 168 கலங்களினூடாகவும் ஒரே மின்னோட்டமே செல்கின்றது. அவற்றுள் ஒன்று மெலிந்துவிட்டால், மற்றவை இன்னும் நிறைந்திருக்கும்போதே அது வறண்டுவிடும். வறண்ட பின்னும் மற்றவை அதனூடாக ஓட்டத்தைத் தள்ளும். நேர் எதிராகி, எதிர் நேராகி, அக்கலம் மாண்டுபோகும். காரின் கணினி பெட்டிகளைச் சோடி சோடியாக அளந்துகொண்டே இருப்பதால், ஒரு சோடி பிந்தியவுடன் சிவப்பு முக்கோணத்தை எரியவிடுகின்றது. இருபத்தெட்டிலே ஒன்று கெட்டாலும் காருக்கு முழுப் பற்றரியும் கெட்டதுதான். வீட்டிலே திருத்தலாம் என்ற ஆசை பிறப்பதும் இதனால்தான்: கெட்ட ஒன்றை எடுத்து, நல்ல ஒன்றை வைத்தால் போயிற்று!

அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்கியது. மின்பணியாளர் ஒருவரிடம் 1,000 வோல்ற்றுத் தாங்கும் இறப்பர்க் கையுறை ஒரு சோடி இரவல் வாங்கினோம். (சமையலறையில் பாத்திரம் கழுவும் கையுறையை எடுத்து வந்த மாணவரின் மனைவியாரைத் திருப்பி அனுப்பினேன்.) காரின் சாவியை வீட்டு அலுமாரியில் வைத்தோம். சிறிய 12 வோல்ற்றுப் பற்றரியின் எதிர் முனையைக் கழற்றினோம். பின், செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புச் செருகியைப் பிடுங்கி, நானே சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காரின் மின்மாற்றும் பகுதியிலுள்ள கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்குமாதலால் பத்து நிமிடம் காத்திருந்து, மீற்றரால் அளந்த பிறகே கையை வைத்தோம்.

செருகியைப் பிடுங்கிவிட்டால் பற்றரி செத்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. செருகி, அடுக்கை இடையிலே இரண்டாகத் துண்டிக்கின்றது, அவ்வளவே. ஒவ்வொரு துண்டும் உயிரோடுதான் இருக்கும். வீட்டு மின்சாரமும் 230 வோல்ற்றுத்தானே, அதைத் தொட்டுப் பிழைத்தவர்கள் இல்லையா என்று மாணவர் வாதாடினார். வீட்டிலே மின்சாரம் உடலினூடாக நிலத்துக்குக் கசிந்தால் அதனை உணர்ந்து துண்டிக்க ட்ரிப் சுவிச் இருக்கின்றது. இப்பேழைக்கு அத்தகைய காவலன் இல்லை. ஒரு கையால் ஒரு முனையையும் மறு கையால் மற்ற முனையையும் தொட்டவரைக் காக்க எவரும் வரமாட்டார். மேலும் வீட்டு ஆடலோட்டம் விநாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுச் செல்வதால் அதன் தீப்பொறி அணைய இடமுண்டு. நேரோட்டம் பூச்சியத்தைத் தொடுவதில்லை. அதன் சுவாலை மூண்டால் நின்று எரியும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது, தலையை ஆட்டிக்கொண்டே பேழையின் மேற் குனிந்தார் மாணவர். அவர் கழுத்திலே தொங்கிய தங்கச் சங்கிலி முன்னே ஊசலாடியது! "முதலிலே அதைக் கழற்று, தம்பி" என்றேன். சங்கிலியும் மோதிரமும் தாயாரின் கைக்குப் போயின.

பெட்டிகளை ஒவ்வொன்றாக அளந்தோம். மகன் எட்ட நின்று கொப்பியில் எழுதினான். இருபத்தேழு பெட்டிகள் 7.8க்கும் 7.9க்கும் இடையில் நின்றன. நடுப்பகுதியிலிருந்த ஒன்று மட்டும் 6.6 காட்டியது, ஆறு கலங்களில் ஒன்று மாண்டதன் அடையாளம் அது. நடுவிலிருப்பவை காற்றுப் படாமல் கூடுதலாகச் சூடேறுவதால், பெரும்பாலும் அவையே முந்திப் போகின்றன. காரணத்தையும் கண்டோம். பேழையைக் குளிர்விக்கும் விசிறி, பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள துவாரத்தால் காருக்குள்ளிருக்கும் காற்றை இழுக்கின்றது. அதன் இதழ்களிலே தூசியும் பஞ்சும் தலைமயிரும் கம்பளிபோலப் படிந்திருந்தன. துவாரத்தருகே அரிசி மூட்டையும் பழக்கூடையும் அடுக்குவது அவ்வீட்டு வழக்கமாம்.

மாணவர் பழைய பெட்டி ஒன்றை முன்னரே வாங்கி வைத்திருந்தார். ஆனால் நான் அத்துடன் விடவில்லை. ஓய்விலிருக்கும் பெட்டியின் வோல்ற்றளவு பொய் சொல்லும். சுமை கொடுத்தால்தான் உண்மை வரும். காரின் முன்விளக்குக் குமிழ் ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு நிமிடம் எரியவிட்டு அளந்தபோது, நல்லவை என்று நினைத்தவற்றுள் மூன்று மற்றவற்றைவிட விரைவாகத் தளர்ந்தன. "இவையும் போகப் போகின்றன" என்றேன். அவரிடம் இருந்தது ஒன்றே. ஒன்றையே மாற்றினோம். செப்பு இணைப்புத் தகடுகளிற் படிந்த பச்சைக் களிம்பைத் தேய்த்து, எல்லாப் பெட்டிகளையும் ஓர் இரவும் பகலும் சமாந்தரமாக இணைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்தோம்.

திரும்பப் பூட்டுவதே பிரிப்பதைவிட அபாயமானது என்பதை அன்றுதான் கண்ணாற் கண்டேன். பிரிக்கும்போது தகடு கழலக் கழல அழுத்தம் குறைந்துகொண்டு போகும். பூட்டும்போது தகட்டுக்குத் தகடு ஏறிக்கொண்டு வரும். கையோ களைத்திருக்கும், மனமோ முடிந்துவிட்டது என்று எண்ணும். மாணவர் நட்டு இறுகவில்லை என்று வலக்கைக் கையுறையை எனக்குத் தெரியாமற் கழற்றியிருந்தார். ஸ்பானர் நழுவி ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் குறுக்கே விழுந்தது. நீல வெளிச்சம் ஒன்று. துப்பாக்கி வெடித்ததுபோன்ற ஒலி. ஸ்பானரின் விளிம்பிலே மிளகளவு குழி விழுந்திருந்தது. மாணவரின் கைக்கு ஒன்றும் நேரவில்லை. அடுத்தடுத்த தகடுகளுக்கிடையே இருந்தது இரண்டு பெட்டிகளின் 14.4 வோல்ற்று மட்டுமே என்பதுதான் காரணம். ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. தாயார் உள்ளே எழுந்து சென்று திருநீறு எடுத்து வந்தார்.

கார் ஓடியது. ஐந்து மாதம் ஓடியது. பிறகு முக்கோணம் மீண்டும் எரிந்தது. நான் குறித்து வைத்த மூன்றில் ஒன்றுதான். ஒரே வயதும் ஒரே வெப்பமும் அனுபவித்த பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே போகும். ஒன்றை மாற்றுவது பழுது நீக்குவதன்று, தவணை வாங்குவது. "புதுப்பிக்கப்பட்டது" என்று கடைகளில் விற்கப்படும் பற்றரிகளுட் பல, நாங்கள் செய்ததையே கூடிய வசதியோடு செய்தவைதான். அவற்றை வாங்குபவர்கள், சுமை கொடுத்து அளந்த இருபத்தெட்டு எண்களையும் எழுத்திலே தரும்படி கேட்க வேண்டும். தயங்குபவரிடம் வாங்காதிருப்பதே நன்று.

வீட்டிலே பேழையைத் திறக்கலாமா என்று என்னைக் கேட்டால், பௌதிகம் கற்பிக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். துவாரத்தைத் திறந்து வைத்திருப்பதும், பழகிய மெக்கானிக்கைக் கொண்டு ஆண்டுக்கொருமுறை விசிறியைத் துப்புரவாக்குவதும், காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதிருப்பதும் குடும்பத்தார் செய்யத்தக்கவை. நிற்கும் காரில் இக்கலங்கள் தாமாகவே வெறுமையடைந்துவிடும். 2020இலும் 2022இலும் நின்ற கார்கள் சில பிறகு எழும்பாமற் போனது இதனாலேயே.

மாணவர் இரண்டாம் முறை என்னிடம் வரவில்லை. கடன் எடுத்து முழுவதும் புதியதாகவே வாங்கிப் பூட்டுவித்துவிட்டு, பிறகே வந்து சொன்னார். எனக்கு வந்தது கோபமன்று, ஆறுதல்.

கெட்டுப்போன அந்த முதற் பெட்டி இப்பொழுது எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கின்றது. உயர்தர வகுப்பு மாணவர்களிடம் மீற்றரைக் கொடுத்து, உள்ளே எத்தனை கலம் உயிரோடிருக்கின்றது என்று கேட்பேன். சென்ற கிழமை ஒருத்தி அளந்து பார்த்துவிட்டு, "சேர், சுமை கொடுக்காமல் எப்படிச் சொல்வது?" என்று குமிழைத் தேடத் தொடங்கினாள்.