‘ச’ இல்லாத விசைப்பலகை நமக்கு எதற்கு?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் கணினி முன் அமர்ந்து பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலருக்குப் புதிய ஆசை ஒன்று பிறந்திருக்கிறது: இரு துண்டாகப் பிரிந்த மெக்கானிக்கல் விசைப்பலகை. பெரியவர்கள் ‘இஸ்ராஃப்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். அதற்கு நாம் உடன்படவில்லை. நாள் முழுதும் தட்டச்சு செய்பவரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அவர்மீது ஹக் உண்டு. கைகளை அகற்றி வைத்து, மணிக்கட்டை வளைக்காமல் எழுத அது உதவுகிறது. நம் வழக்கு, எதை வாங்குவதென்று சொல்லித்தருபவர்களோடுதான்.

‘எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறந்தது’ என்பது அவர்கள் கட்சி. 42 விசைகள் மட்டுமே உள்ள கார்னே போன்றவற்றைப் புதியவர் கையில் திணிக்கின்றனர். ஆங்கிலத்துக்கு அது போதலாம். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையிலோ, ‘பி’ விசையை அடுத்துள்ள இரு அடைப்புக்குறி விசைகளில்தான் ச, ஞ இருக்கின்றன. கார்னேயில் அங்கே ஒரே ஒரு விசை. அதுவும் பெரும்பாலும் அழிப்பதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ‘ஸலாம்’ எழுதிவிடலாம், ‘சமாதானம்’ எழுத வேறு அடுக்குக்குத் தாவ வேண்டும்! நிரலை மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றலாம்தான்; ஆனால் புதிய பலகையையே பழகாதவர் தலையில் அந்தச் சுமையும் ஏன்?

உண்மையில் பிரிந்த பலகை தமிழ்99-க்கென்றே செய்ததுபோல் பொருந்தும். உயிரெழுத்துகள் இடக்கையில், வ, ங தவிர்த்த மெய்கள் வலக்கையில். நாம் ஓயாமல் எழுதும் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிஃப்ட் விசையோடு இடப்பக்க மேல் வரிசையில் வருபவை. ஹதீஸ், ஜமாஅத், ஹஜ் என்று எழுதி எழுதி இடது சுண்டுவிரல் படும் பாடு நமக்குத் தெரியும். வலது கட்டைவிரலுக்கு ஷிஃப்டைத் தரும் பலகையே நமக்கு ஏற்றது. விளக்கும் வண்ண மூடியும் பிறகு.

ஒலியையும் மறந்துவிடுகின்றனர். இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் உறங்குபவரோடு ஒரே அறையில் வாழ்கிறோம். ‘கிளிக்’ சுவிட்ச் அவரது உறக்கத்தைப் பறிக்கும். ஒலி குறைந்த லீனியர் சுவிட்சே அறைத்தோழருக்குச் செய்யும் நீதி.

பணம் கொடுக்கும் முன், வீட்டில் கிடக்கும் பழைய விசைப்பலகையையும் விண்டோஸ் கணினியில் இணைத்து, இடக்கைக்கு ஒன்று வலக்கைக்கு ஒன்று என ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ‘ஒய்’ விசையை இடக்கையால் அழுத்துபவர் பிரிந்த பலகையில் முதல் நாளே ‘ள’வில் தடுமாறுவார். அந்தப் பழக்கம் மாறும்வரை பணம் பையிலேயே இருக்கட்டும்.