சரியாகிவிட்ட தவறையும் குறித்து வை!

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது அரும்பாவூர். இங்கு செதுக்கப்படும் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள சிற்பக்கூடம் ஒன்றுக்கு, வெளியூர்க்காரர் ஒருவர் 10,000 ரூபாய் முன்பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை கணினியின் மெமரியில் 0, 1 என்ற பிட்களின் வரிசையாகத்தான் இருக்கும். அதில் குறிப்பிட்ட ஒரு 0 மட்டும் 1 ஆகப் புரண்டால், 10,000 என்பது 14,096 ஆகிவிடும். யாரும் தப்பாக டைப் செய்யவில்லை, யாரும் திருடவும் இல்லை. ஆனாலும் கணக்கு தப்பு!

இப்படியெல்லாம் நடக்குமா? 2003-ல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுகள் கூடுதலாக விழுந்திருந்தன. அவருக்கு அவ்வளவு ஓட்டு கிடைக்கவே வழியில்லை என்பதால் குட்டு வெளிப்பட்டது. ஒரே ஒரு பிட் புரண்டதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பிட் ஏன் புரள்கிறது? விண்வெளியிலிருந்து ஓயாமல் வரும் காஸ்மிக் கதிர்கள் ஒரு காரணம். நம் ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் ஆராய்வது இந்தக் கதிர்களைத்தான். தேய்ந்துபோன மெமரி சிப் இன்னொரு காரணம்.

இதற்கு மருந்தாக, பெரிய சர்வர்களில் பிழை திருத்தும் மெமரி இருக்கிறது. ஒவ்வொரு 64 பிட்டுக்கும் காவலாக 8 பிட்கள். ஒரு பிட் புரண்டால் உடனே திருத்திவிடும். இரண்டு புரண்டால், ‘தப்பு நடந்திருக்கிறது’ என்று சொல்ல முடியுமே தவிர, திருத்த முடியாது.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ‘அதுதான் சரியாகிவிட்டதே’ என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான மெமரி பலகைகளில் திருத்தக்கூடிய பிழைகள் வந்ததாகச் சொன்னது. பிழை ஒருமுறை எட்டிப்பார்த்த பலகையில், திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பும் பல மடங்கு அதிகம்!

அதனால் நல்ல ஆபரேட்டிங் சிஸ்டம் பதறுவதும் இல்லை, அலட்சியம் காட்டுவதும் இல்லை. முதல் பிழைக்கே வேலையை நிறுத்தாது. எங்கே, எப்போது என்று குறித்துக்கொள்ளும். அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழை வந்தால், அங்குள்ள தகவலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பகுதியைப் பூட்டிவிடும். பிழைகள் மழையாகக் கொட்டினால், ஒவ்வொரு மணியோசைக்கும் ஓடாமல், இடைவெளி விட்டு எட்டிப்பார்க்கும். இல்லையென்றால் பிழையைக் கவனிப்பதிலேயே நேரம் போய், உண்மையான வேலை நின்றுவிடும். குறிப்புகளைப் பார்த்து, பழுதான பலகையை மாற்றுவது பொறியாளரின் பொறுப்பு.

சரி, நம் வீட்டுக் கம்ப்யூட்டர்? பெரும்பாலானவற்றில் இந்தக் காவல் பிட்கள் கிடையாது. அடிக்கடி காரணமில்லாமல் நின்றுபோனாலோ, ஃபைல்கள் கெட்டுப்போனாலோ, விண்டோஸிலேயே இருக்கும் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை ஒருமுறை ஓட விடுங்கள். அதற்கு முன், கடைக் கணக்கையும் குடும்பப் படங்களையும் வேறொரு டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். ‘ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது’ என்பது நிம்மதி தரும் செய்தி அல்ல, எச்சரிக்கை!